ஜிடிடி ஆர்டர்: சின்ன கம்பெனிப் பங்குக்கு எவ்வளவு கை கொடுக்கும்?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையிலோ மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலோ நிற்பவருக்குக் பங்குச்சந்தை நடக்கும் காலை 9.15 முதல் 3.30 வரை போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது, புரோக்கர் செயலிகளில் உள்ள ஜிடிடி: நாம் குறித்த விலை வந்ததும் தானாகவே ஆர்டர் போடும் வசதி. நஷ்டம் பெருகாமல் இருக்க, விலை இறங்கினால் விற்கச் சொல்லிப் போடும் சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைக்கே காலாவதியாகிவிடும்; ஜிடிடி பெரும்பாலான செயலிகளில் ஒரு வருடம் அப்படியே கிடக்கும். நன்றாகக் கைமாறும் பெரிய பங்கு என்றால் இதற்கு 5க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். சின்ன கம்பெனிப் பங்குக்கு 2 தான்.

காரணம் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை ஏறவோ இறங்கவோ எக்ஸ்சேஞ்ச் போடும் எல்லை. 100 ரூபாய்ப் பங்குக்கு 5 சதவீத சர்க்யூட் என்று வையுங்கள். டிரிகர் (ஆர்டரைக் கிளப்பும் விலை) 92, லிமிட் (இதற்குக் குறைந்து விற்காதே என்ற விலை) 91.50 என்று போட்டாயிற்று. கெட்ட செய்தி வந்ததும் முதல் நாள் 95இல் பூட்டிக்கொள்ளும், டிரிகர் அசையாது. மறுநாள் 90.25இல் நாலு பங்கு கைமாறும், டிரிகர் தட்டும், ஆர்டர் 91.50க்குப் போய் நிற்கும். வாங்க ஆள் கிடையாது. சாயங்காலம் ஆர்டர் ரத்து, ஜிடிடியும் முடிந்தது. மூன்றாம் நாள் காவலே இல்லை. லிமிட்டை 80க்கு இறக்கி வைத்தாலும் பலிக்காது. அன்றைய சர்க்யூட்டுக்கு வெளியே இருக்கும் விலையை எக்ஸ்சேஞ்ச் ஏற்காது. மிஞ்சிய மல்லியாவது சென்ட் பேக்டரிக்குப் போகும். விற்காத பங்குக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே டிரிகர் முதல் நாள் சர்க்யூட்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும்: மேலே சொன்ன பங்குக்கு டிரிகர் 96, லிமிட் 95. விலை ஏற ஏற இதை மாற்றிக்கொண்டே வர வேண்டும். இறங்கும்போது நம்பி வெளியேற முடியாது என்பதால், நல்ல வால்யூமோடு (கைமாறும் பங்கு எண்ணிக்கை) ஏறும் நாளிலேயே பாதியைத் தள்ளிவிடுவதுதான் உருப்படியான வழி. கையிருப்பு ஒரு நாள் சராசரி வால்யூமில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒரே நாளில் விற்க நினைக்காதீர்கள்.

அடுத்த கோளாறு, டிடிபிஐ (விற்கும்போது கணக்கிலிருந்து பங்கை எடுக்க புரோக்கருக்குத் தரும் அனுமதி) கையெழுத்துப் போடாதது. அது இல்லாமல், சிடிஎஸ்எல் டீமேட் கணக்கில் அன்றைக்கு டிபின் என்ற ரகசிய எண் போட்டு அனுமதி தராவிட்டால், டிரிகர் தட்டினாலும் விற்பனை நிராகரிக்கப்படும்.

வரிக்காகக் காத்திருப்பதா? 60க்கு வாங்கிய 1,000 பங்கு இப்போது 100. ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம், அதாவது 8,000 வரி, செஸ் தனி. வருடம் தாண்டினால் 12.5 சதவீதம், அதுவும் 1.25 லட்சம் லாபம் வரை கிடையாது. இன்னும் பத்து நாள் என்றால், வால்யூம் இருக்கும் பங்கைப் பிடித்துக்கொள்ளலாம். நாலு மாதம் என்றால் வேண்டாம். இரண்டே லோயர் சர்க்யூட்டில் 9,750 போய்விடும்.

விலையைத் தவிர வேறெதுவும் ஜிடிடிக்குத் தெரியாது. காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குதாரர் பட்டியல் வரும். அதில் புரமோட்டர் (கம்பெனியை நடத்தும் முதலாளி) அடகு வைத்த பங்கு ஏறியிருந்தாலோ, ஆடிட்டர் பாதியில் விலகினாலோ டிரிகருக்குக் காத்திருக்காமல் கையாலேயே விற்றுவிடுங்கள். லாபம் ஏறியும் வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய பாக்கி அதைவிட வேகமாக ஏறினால் அந்தப் பங்கில் புதிதாகக் காசு போடாதீர்கள். போனஸ் பங்கு, ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) வந்தால் பழைய ஜிடிடி ரத்தாகிவிடும். பங்கு அந்தப் புது விலைக்கு மாறும் எக்ஸ் தேதியன்று காலையிலேயே புது விலைக்குத் திரும்பப் போட வேண்டும்.