பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்கா: வழிகாட்டியுடன் ஒரு காலை நடை

1994-இல் அறிவிக்கப்பட்ட இந்த மொரீசியஸ் தேசியப் பூங்காவில், பெத்ரேன் வாயிலிலிருந்து மக்காபே காடு வரை அம்மாவும் நானும் நடந்தோம். ஏற்பாடு செய்த நிறுவனத்தின் வண்டி முக்கால் மணி நேரம் தாமதித்தது; அதற்கு ஒரு வருத்தச் சொல்கூட இல்லை. வழிகாட்டியோ, காட்டையே கரைத்துக் குடித்தவர். 1974-இல் காட்டில் நான்கே எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட மொரீசியஸ் வல்லூறு மீண்டு வந்த கதையைச் சொல்லிக்கொண்டே, பூர்வீக மரங்களை நெருக்கி வளரும் சீனக் கொய்யாவின் சிவந்த பழமொன்றைப் பறித்து எங்கள் கையில் வைத்தார். கருங்காலி மரத்தைக் காட்டியபோது, அம்மா காலணியைக் கழற்றிவிட்டு, கோயில் தூணைத் தொடுவதுபோல் அதன் ஈரப் பட்டையில் உள்ளங்கையைப் பதித்து நின்றார். தைப்பூசக் காவடியை இறக்கி வைக்கும் வேளையில் மட்டுமே அவர் முகத்தில் அந்த அமைதியைக் கண்டிருக்கிறேன். மழை பெய்தால் பாதை வழுக்கும். அடுத்த முறை அதே வழிகாட்டியைக் கேட்போம். வண்டியை மட்டும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.