முதலில் மதிலா, கடைத்தெருவா?

வெள்ளம் வடிந்ததும் சேறு படிந்த நகரமையத்தில் எதை முதலில் கட்டுவது? அமெரிக்காவின் இரண்டு நகரங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் 1997 ஏப்ரலில் மூழ்கியது. 49 அடி வரும் என்று கணிக்கப்பட்ட ரெட் ஆறு 54 அடியைத் தாண்டியது. தண்ணீர் சூழ்ந்த நகரமையத்தில் தீயும் பிடித்து 11 கட்டடங்கள் எரிந்தன. அதன் பிறகு அந்நகரம் ஆற்றுக்கு இடம் விட்டது. எதிர்க்கரை ஊரையும் சேர்த்து ஏறத்தாழ 2,200 ஏக்கர் பசுமைவெளி. அதற்கு அப்பால் வெள்ளத்தைத் தடுக்கும் கரைகளும் மதில்களும். இதற்காக லிங்கன் டிரைவ் குடியிருப்பு பூங்காவானது. தலைமுறைகளாக வாழ்ந்த தெருக்களை இழப்பது எளிதன்று. அந்த விலையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வேலை முடியப் பத்து ஆண்டுகள் ஆயின. ஆனால் 2009இலும் 2011இலும் ஆறு 49 அடியைத் தாண்டியபோது நகரமையம் தப்பியது.

அயோவாவின் சீடர் ராபிட்ஸில் சீடர் ஆற்று வெள்ளத்தின் உச்சம் அதுவரை 20 அடி. 2008 ஜூனில் ஆறு 31 அடிக்கு வந்தது. ஆற்றுத் தீவில் இருந்த நகர மன்றமே மூழ்கியது. இங்கும் 1,300க்கு மேற்பட்ட சொத்துகளை நகராட்சி விலைக்கு வாங்கியது. ஆனால் மதிலுக்காகக் கடைத்தெரு காத்திருக்கவில்லை. பாரமவுண்ட் அரங்கம் 2012இல் பழைய இடத்திலேயே திறந்தது. அதே ஆண்டில் நியூபோ சந்தையும் வந்தது. மதிலுக்கு உதவக்கூடிய விற்பனை வரி நீட்டிப்போ 2011, 2012 வாக்கெடுப்புகளில் தோற்றது. விளைவு, 2016 செப்டம்பரில் ஆறு 22 அடியை நெருங்கியபோது, மணல் நிரப்பிய தற்காலிகத் தடுப்புகளை அவசர அவசரமாக அடுக்கித்தான் ஊரைக் காத்தார்கள். மதிலுக்கான கூட்டாட்சி அரசின் பெரிய நிதி 2018இல்தான் கிடைத்தது.

பாதுகாப்பில் கிராண்ட் ஃபோர்க்ஸ் முந்துகிறது, ஐயமில்லை. ஆனாலும் சிறு நகரத்தின் கடைத்தெருவை நெடுநாள் பூட்டிவைத்தால், வாடிக்கையாளர் வேறிடம் பழகிவிடுவார். மதில் எழும்போது அதற்குப் பின்னால் காக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே சீடர் ராபிட்ஸின் அவசரத்தை நான் குறைகூற மாட்டேன்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்த முடிவு நூலகம்தான். ஆற்றங்கரைக் கட்டடத்தை விட்டுவிட்டு, நகரமையத்துக்குள்ளேயே சில தெருக்கள் தள்ளிப் பூங்காவுக்கு எதிரே 2013இல் புதிதாகத் திறந்தார்கள். மக்கள் வந்துபோகும் இடம் ஊரின் நடுவிலேயே நின்றது, ஆற்றைவிட்டு மட்டும் விலகியது. ஆவண அறைக்கும் மின்சாதனங்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இதே முறையை முதல் ஆண்டிலேயே செய்யலாம்; அதற்கு மதில் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.