போகும்போது எஃப், வரும்போது ஏ

ஜூன் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து திருச்சி போய் வந்தோம். இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் யாரைக் கேட்டாலும் பெட்டி எடையைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். எந்த ஜன்னலில் உட்காரலாம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கோ அதுதான் பைத்தியம்.

பைத்தியம் முற்றியதற்குக் காரணம் உண்டு. முன்பு வேறோர் ஊருக்குப் போனபோது தனியாகக் காசு கட்டி ஜன்னலோர இருக்கை வாங்கினேன். உட்கார்ந்தால் பக்கத்தில் வெறும் சுவர்! 737 ரக விமானங்களில் ஏசி காற்றுக்குழாய் அடிப்பகுதியிலிருந்து கூரைக்கு ஏறும் இடத்தில், இறக்கைக்குச் சற்று முன்னால், ஒரு ஜன்னல் இருக்காது. இருக்கைப் படத்தில் அது தெரியாது. கேட்டதற்கு, "ஓர இருக்கைதானே சார் கொடுத்திருக்கோம்" என்றார்கள். அன்றிலிருந்து வரிசை எண்ணைப் பார்க்காமல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூடக் கட்டுவதில்லை.

இந்த முறை ஏ320 ரக விமானம். பக்கத்துக்கு மூன்று இருக்கை. இடது ஜன்னல் ஏ, வலது ஜன்னல் எஃப். நடு வரிசைகளில் உட்கார்ந்தால் நாலு மணி நேரமும் இறக்கையைத்தான் பார்க்க வேண்டும். அதை ஒட்டிப் பின்னால் இருந்தாலும் இன்ஜின் வெப்பத்தில் காட்சி கலங்கும். அதனால் 25எஃப் எடுத்தேன். கழிவறை வரிசை அங்கே வந்து நிற்கும், இறங்கவும் நேரமாகும். சரி, பரவாயில்லை.

வலப்பக்கம் ஏன்? விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். ஜூனில் தென்மேற்குக் காற்று. சாங்கி விமான நிலையத்தில் பெரும்பாலும் கடலைப் பார்த்துத் தெற்கே கிளம்புவார்கள். அப்போது வலது ஜன்னலில் ஈஸ்ட் கோஸ்ட் கரையும் நங்கூரமிட்ட கப்பல்களும் தெரியும். திருச்சியிலும் காற்று மேற்கிலிருந்து வந்தால் விமானம் கிழக்கிலிருந்து வந்து இறங்கும். ஊர் ஓடுபாதைக்கு வடக்கே, அதாவது வலது கைப்பக்கம். பொங்கலுக்குப் போகிறவர்கள் இதை நம்ப வேண்டாம். வாடைக்காற்றில் எதிர்த்திசையிலிருந்து இறக்கினால் ஊர் இடப்பக்கம் போய்விடும்.

இவ்வளவு கணக்குப் போட்டு ஏறினால், என் இருக்கையில் ஓர் அப்பத்தா. பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்புகிறவர். "தம்பி, இது ஒங்க எடமா? வரும்போது ராத்திரி, ஒண்ணும் தெரியலப்பா" என்றார். என்ன செய்ய? நடு இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.

வங்காள விரிகுடா முழுக்க மேகம்தான், அப்பத்தா தூங்கினார். கோடியக்கரைப் பக்கம் கரை தொட்டதும் எழுப்பினேன். வேதாரண்யத்து உப்பளங்கள் கட்டம் கட்டமாக வெளுத்துக் கிடந்தன. அப்புறம் டெல்டா. கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் நான் காசு கட்டியதே. தூரத்தில் மலைக்கோட்டை, அதற்கு அப்பால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம். 236 அடி ராஜகோபுரம் ஒரு விரல் நகம் அளவுக்கு நின்றது. கொள்ளிடம் அகலமான மணல் பட்டை.

அப்பத்தா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மணலைப் பார்த்தார். "மேட்டூரு இன்னும் தெறக்கலையா?"

"பன்னெண்டாம் தேதிதானே வழக்கம், அப்பத்தா. இன்னும் நாள் இருக்கு."

திரும்பியது இரவு விமானம். பயணம் தென்கிழக்கே என்பதால் விடியல் இடது ஜன்னலுக்குத்தான் வரும், 24ஏ எடுத்தேன். பக்கத்தில் ஒரு கட்டுமானத் தொழிலாளி, விடுப்பு முடிந்து மறுநாளே வேலைக்குப் போக வேண்டியவர். "அண்ணே, ஷட்டர மூடிக்கங்க" என்றார். மூடினேன். மலாக்கா நீரிணைக்கு மேலே ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிந்ததும் இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி, குனிந்து பார்த்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது.