படகா, ஆற்றங்கரை வீடா? தென் பிரான்சில் ஓய்வாக ஒரு வாரம்

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் அவசரமில்லாமல் ஒரு வாரம் தங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் இடங்கள் இரண்டு: மிடி கால்வாயில் வாடகைப் படகு அல்லது டார்டோன் ஆற்றங்கரையில் 'ஜீத்' எனப்படும் வாடகை வீடு. லாவெண்டர் வயல்களுக்காகப் புரோவான்ஸைக் கேட்பவர்களும் உண்டு. பூக்கும் பருவத்தில் கோர்த் போன்ற மலையூர்களில் கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். ஓய்வுக்கு அது சரிப்படாது.

துலூஸிலிருந்து மத்தியதரைக் கடற்கரை ஏரி வரை 240 கிலோமீட்டர் ஓடும் மிடி கால்வாய் திறக்கப்பட்டது 1681இல். வெட்டிய ரிக்கே அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இறந்துபோனார். வாடகைப் படகை ஓட்ட உரிமம் தேவையில்லை. கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைக் கையில் தந்துவிடுவார்கள். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கரையில் சைக்கிளில் போகிறவர் நம்மை முந்திவிடுவார்.

ஆனால் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் மதகுத் தொட்டிகள் வந்ததும் வேலை தொடங்கிவிடும். தொட்டிகள் முட்டை வடிவில் இருக்கும். வளைந்த சுவர்தான் மண் அழுத்தத்தைத் தாங்கும் என்று ரிக்கே கண்டிருந்தார். ஏறுமுகமாகப் போனால் ஒருவர் முன்பே கரையில் குதித்துக் கயிற்றை வாங்கி, படகு கட்டக் கரையில் நட்டிருக்கும் குற்றியில் ஒரு சுற்று போட வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. மேல்கதவு வழியாகத் தண்ணீர் நுரைத்துப் பாயும்போது படகு பின்னுக்கு இழுக்கும். மட்டம் உயர உயரக் கயிற்றைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மதிய உணவு வேளையில் மதகுகள் மூடிவிடும். நான்கு பேர் இருந்தால் இதெல்லாம் விளையாட்டு. கணவனும் மனைவியும் மட்டும் என்றால் மூன்றாம் நாள் பேச்சுவார்த்தை குறையும்!

இன்னொன்று: விளம்பரப் படங்களில் இருபுறமும் நிழல் கவியும் பிளேன் மரங்கள் எல்லா இடத்திலும் இல்லை. 2006இல் தெரியவந்த பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். ஆகஸ்ட் வெயில் சில பகுதிகளில் நேராகத் தலையில்தான்.

டார்டோனில் எல்லாம் நம் இஷ்டம். லா ரோக் கஜாக்கில் பாறையோடு ஒட்டிய வீடுகளையும், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய நூறாண்டுப் போரில் எதிரெதிராக நின்ற பெய்னாக், காஸ்தெல்நோ கோட்டைகளையும் கனூவில் மிதந்தபடியே பார்க்கலாம். நீரோட்டமே கொண்டுபோகும், திரும்ப வேனில் கொண்டுவிடுவார்கள். மழை வந்தால் ஆதிமனிதர் ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகை இருக்கிறது. அசல் குகை 1963இலேயே மூடப்பட்டது. 2016இல் திறந்தது உள்ளிட்ட நகல்களைத்தான் பார்க்க முடியும், அதுவே போதும்.

குறை சாப்பாட்டில். உணவகத்தில் எதைத் தொட்டாலும் வாத்து. சைவர்கள் சனிக்கிழமை சார்லா என்ற ஊரின் சந்தைக்குப் போய் வால்நட், ஆட்டுப்பால் சீஸ், காய்கறி வாங்கிவந்து வீட்டில் சமைப்பதே வழி. கார் இல்லாமலும் அங்கே காரியம் ஆகாது. சாலையின் வலப்புறம் ஓட்டத் தயங்குகிறவர்கள் கால்வாய்க்கே போகலாம்.

இருவராகப் போகிறவர்களுக்கு என் ஓட்டு டார்டோனுக்கு, அதுவும் கூட்டம் வடிந்த செப்டம்பரில். பிள்ளைகளோடு, நண்பர்களோடு என்றால் படகு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பாமல் வேறு துறையில் படகை விடும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அதே மதகுகளில் இரண்டாம் முறையும் கயிறு பிடிக்க வேண்டியிருக்கும்.