டெட் கோச்சிங்: ஐந்து மாதம், 14,500 ரூபாய், இரண்டு டம்ளர்

டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான கோச்சிங் பீஸ் 12,000, மெட்டீரியலுக்குத் தனியாக 2,500. 2025 ஜூன் கடைசியில் சேர்ந்து, நவம்பர் 15 பேப்பர் ஒன் (ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கானது) தேர்வு வரை சனி ஞாயிறு இரண்டு நாளும் தர்மபுரிக்குப் போய் வந்தேன். டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்த வகையில் மிச்சம். சென்டர் பெயரைப் போடவில்லை, எதற்கு வம்பு. சேரலாமா என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் குறைகள். ஒரே ஷெட்டில் 80 பேர், மேலே சிமெண்ட் ஷீட், நான்கு ஃபேன், அதில் ஒன்று சுற்றாது. இங்கிலீஷுக்கு ஐந்து மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள், மூன்று பேரும் டென்ஸில் ஆரம்பித்து டென்ஸோடு போய்விட்டார்கள். மெட்டீரியல் என்று கொடுத்த ஐந்து புத்தகமும் அரசுப் பாடப்புத்தகத்தைச் சுருக்கி ஸ்பைரல் போட்டதுதான். அசல் புத்தகம் பாடநூல் கழகத்தின் தளத்திலேயே சும்மா கிடைக்கிறது, அந்த 2,500 ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வாசல் ஃபிளெக்ஸில் சிரிக்கும் முகங்களில் பாதிப் பேர் கடைசி மாதம் டெஸ்ட் எழுத மட்டும் வந்தவர்கள் என்று அங்கே வேலை செய்யும் அண்ணனே சொன்னார். எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம், அட்மிஷன் போடும்போது ஆபீஸில் இருந்தவர் "டெட் பாஸ் பண்ணிட்டா வேலைதாம்மா" என்று சொன்னது. 2018-இல் வந்த 149-ஆம் எண் அரசாணைப்படி டெட்டுக்கு மேல் நியமனத் தேர்வு என்று இன்னொன்று இருக்கிறது, 2024 ஜூலையில் அதை நடத்தியது 2,768 இடைநிலை ஆசிரியர் இடங்களுக்கு. இது தெரியாமலா சென்டர் நடத்துகிறார்கள்?

சரி, இவ்வளவு திட்டிவிட்டு ஏன் ஒரு வாரம்கூட லீவு போடவில்லை என்றால், சைக்காலஜி சார்.

முதல் நாள் அவர் பாடமே எடுக்கவில்லை. "நீங்கல்லாம் ஏன் டீச்சர் ஆகணும்?" என்று வரிசையாக எழுப்பிக் கேட்டார். முதல் பத்துப் பேரும் சொல்லிவைத்த மாதிரி "சின்ன வயசுக் கனவு சார்". "இது ஆண்டு விழா பதில், உண்மையைச் சொல்லுங்க" என்றார். அதற்கப்புறம்தான் வாய் திறந்தது. ஒரு பெண் "வேற எந்தப் படிப்புக்கும் அப்பா அனுப்ப மாட்டார் சார்" என்றாள். ஒருவன் மே மாச லீவு என்றான், கூச்சமே இல்லாமல். இன்னொருத்தி மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளியில் படித்தவள்; ஒரு டீச்சர் மாற்றலாகிப் போய் ஆள் வராத மாதங்களில், ஐந்தாம் வகுப்பில் இருந்த இவள்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தாளாம். "அப்பவே டீச்சர் ஆயிட்டேன் சார், சம்பளம் மட்டும்தான் வரணும்" என்றதும் ஷெட்டே சிரித்தது.

என் முறை வந்தபோது நானும் உண்மையைச் சொன்னேன். 2021 கடைசியில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் பாடம் எடுக்கும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பித்தபோது நான் ப்ளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தேன், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்காகத்தான் சேர்ந்தேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை மாரியம்மன் கோயில் திண்ணையில் வகுப்பு. கொரோனாவில் பள்ளிக்கூடமே சரியாகப் பார்க்காத மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எழுத்து எதுவும் நிற்காது, இன்று சொன்னது நாளைக்கு இருக்காது. தை மாதம் ஒருநாள் பஸ் வரும்போது போர்டைப் பார்த்து "த...ர...ம...புரி" என்று அவளாகவே படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பி.காம் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள் அடுத்த வருடம் டயட்டில், அதாவது மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில், போய்ச் சேர்ந்தேன். அவ்வளவுதான் என் கதை, கனவெல்லாம் கிடையாது.

அதே சார், பிள்ளைகளின் சிந்தனை வயதுக்கேற்ப எப்படி வளர்கிறது என்று சொன்ன பியாஜேயின் பாடத்தை எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் நான்கு நிலை, நான்கு வயது, மனப்பாடம் என்று முடித்துவிடுவார்கள். இவர் ஒரே அளவு தண்ணீரை ஒரு குட்டை டம்ளரிலிருந்து உயரமான டம்ளருக்கு மாற்றிக் காட்டி, ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் உயரத்தில்தான் அதிகம் என்று சொல்லும், வீட்டில் செய்து பாருங்கள் என்றார். பக்கத்து வீட்டு ஒன்றாம் வகுப்பு வாண்டிடம் செய்தேன். அவன் யோசித்துவிட்டு, "ஊத்தும்போது கீழ சிந்திட்டியேக்கா, இதுலதான் கம்மி" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாரிடம் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு! டெட்டில் சைக்காலஜிக்கு 30 மார்க், தற்காலிக விடைக்குறிப்புப்படி எனக்கு 26. மொத்தம் 150-க்கு 98. கணக்கும் அங்கே பரவாயில்லை.

செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் டீச்சர்கள், ஏற்கெனவே வேலையில் இருந்தாலும் இரண்டு வருடத்துக்குள் டெட் பாஸ் பண்ண வேண்டும். அடுத்த வாரமே வேலையில் இருக்கும் டீச்சர்கள் சிலர் பேக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு நான்காம் வகுப்பு எடுத்தவர். அவர் உள்ளே வந்ததும் இவள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள், அவருக்கோ எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் மதியச் சாப்பாடு இரண்டு பேரும் ஒன்றாகத்தான், ஓஎம்ஆர் விடைத்தாளில் வட்டங்களை எப்படி நிரப்புவது என்று இவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

2012-இல் நடந்த முதல் டெட்டிலிருந்து எழுதிக்கொண்டிருக்கும் ஓர் அக்காவும் இருந்தார். அந்த முதல் தேர்வில் 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான், ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதி 2,448 பேர் தேறினார்கள். இன்னுமா விடாமல் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "ட்யூஷன் புள்ளைங்க நாலு பக்கமும் டீச்சர் டீச்சர்னு கூப்பிடுதுங்க, எப்படி விடறது" என்றார்.

சேர்வதா வேண்டாமா? முழு பீஸ் கட்ட வேண்டாம். புத்தகத்தை இலவசமாக இறக்கிப் படித்துவிட்டு, கடைசி இரண்டு மாதம் டெஸ்ட் பேட்சில் மட்டும் சேருங்கள், 3,000 ரூபாய்தான். சைக்காலஜி வகுப்பு ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. டெமோ பார்க்க வந்தேன் என்றால் உள்ளே விடுவார்கள். இடது பக்கம் உட்காருங்கள், சுற்றாத ஃபேன் வலது பக்கம்.