வியாழக்கிழமை மட்டும் போகாதீர்கள்

கதையைப் படத்துக்குக் கேட்கிறார்கள், ஒப்பந்தத்தைப் பார்த்துத் தர வக்கீல் யாராவது தெரியுமா என்று எழுத்தாள நண்பர்கள் இருவர் கேட்டார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கறிஞர் பெயரைப் போடவில்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் தேடிக்கொள்ளப் பார் கவுன்சில் விதி இடம் தராது என்பதால், பெயர் வேண்டாம் என்று அந்த அம்மையாரே கேட்டுக்கொண்டார்.

நான் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன். எப்போதோ ஒரு சிற்றிதழில் வந்த என் சிறுகதையை இணையத் தொடராக்க ஒரு நிறுவனம் கேட்டு, 14 பக்க ஆங்கில ஒப்பந்தத்தை அனுப்பியது. மூன்று முறை படித்தேன். கதைத் தலைப்பில் ஒரு எழுத்துப் பிழை, என் தகப்பனார் பெயரில் ஒன்று, இரண்டையும் பிடித்துவிட்ட பெருமையோடு கையெழுத்துப் போட இருந்தேன். மகள்தான் தடுத்தாள்.

எழும்பூரில் இறங்கி, மெட்ரோவில் சென்ட்ரல் மாறி, உயர்நீதிமன்றம் நிலையத்திலிருந்து நடந்தால் தம்புச் செட்டித் தெருவில் வழக்கறிஞரின் அலுவலகம். மாடி ஏற லிஃப்ட் கிடையாது. போனது வியாழக்கிழமை. பதினோரு மணிக்கு வரச் சொன்னவர் மூன்றேகாலுக்குத்தான் நீதிமன்றத்திலிருந்து வந்தார். வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு இடைக்காலத் தடை கேட்டு யாராவது வியாழக்கிழமை ஓடி வருவது இந்தத் தொழிலில் வாடிக்கையாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் இளைஞர். தன் கதையைத் திருடிவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்தார். ஜூனியர் அவருக்கு ஆர்.ஜி. ஆனந்த் வழக்கைச் சொன்னார். தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று போராடியவர் அவர். கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இளைஞரின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும், இல்லாத நம்பிக்கையைக் காட்டி அவரிடம் பணம் வாங்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

வழக்கறிஞர் ஒப்பந்தத்தைத் தொடவே இல்லை. "கதையை வெளியிட்ட பத்திரிகைக்கோ, தொகுப்புப் போட்ட பதிப்பகத்துக்கோ ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா, சார்?" என்றார். எல்லாம் வாய்ப்பேச்சுத்தான் என்றேன். "அப்படியென்றால் உரிமை உங்களிடமே இருக்கிறது. எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தராமல் பதிப்புரிமை கை மாறாது."

பிறகு ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி அடிக்கோலை ஒரு வரியின் கீழ் வைத்தார். பதிப்புரிமைச் சட்டத்தின் 19(4), 19(5), 19(6) ஆகியவை இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தா என்றது அந்த வரி. மூன்று முறையும் என் கண் அதன் மேல் போயிருக்கிறது. எழுத்துப் பிழை இல்லாததால் தாண்டிப் போய்விட்டது.

"5, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான் என்கிறது. 6, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான் என்கிறது. இவர்கள் நிரந்தரமாக, உலகம் முழுவதும் என்று எழுதிவிட்டதால் அவை நமக்கு உதவா. உயிர் இருப்பது 4-இல்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது உங்களுக்கே திரும்பிவிடும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை. இந்த வரி வேறு மாதிரி சொல்கிறது."

அதாவது, அவர்கள் தொடரை எடுக்காமலேயே கதையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம். நானும் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அந்த வரியை அடித்துவிட்டு, மூன்று ஆண்டுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை எனக்கே திரும்பும் என்று எழுதினார்.

தேநீர் வந்தபோது தம் கதையைச் சொன்னார். தொடக்கத்தில் சீனியரிடம் வாடகை வழக்குகள், பிறகு படத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் வழக்குகள். 2012-இல் சட்டத் திருத்தம் வந்து, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றான பிறகே இப்படிப்பட்ட கட்சிக்காரர்கள் படியேறினார்களாம். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவே தொடங்கிவிட்டது. "இப்போது என் அம்மாவுக்குக்கூட நான் என்ன வக்கீல் என்று புரிகிறது," என்று சிரித்தார்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார், ஜூனியர்தான் வாட்ஸ்அப்பில் பதில் தருவார். கருத்துரையை ஆங்கிலத்தில் மட்டுமே தந்தார். தமிழில் கேட்டதற்கு ஜூனியர் அரை மணி நேரம் தொலைபேசியில் விளக்கினார், எழுத்தில் வரவில்லை. முதல் ஆலோசனைக்கு 3,000 ரூபாய், ஒப்பந்தத்தைத் திருத்த 20,000. என் ஓய்வூதியத்துக்கு அதிகம்தான். ஆனால் தொகையை முதல் நாளே சொல்லிவிட்டார், பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

நிறுவனம் இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. பிறகு மூன்று ஆண்டை நான்காக்கக் கேட்டது. ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டேன்.

வழக்கறிஞருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. பணம் கட்டிய ரசீதில் 'பெற்றுகொண்டேன்' என்று ஒற்று விட்டுப்போய் இருந்தது. பென்சிலால் 'க்' போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன்.