குரலைக் கோடாகப் பார்க்க: பிராட் மென்பொருள்

டப்பிங் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் நிறுவச் சொல்வது பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பேச்சொலி ஆய்வு மென்பொருள். முழுக்க இலவசம்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மொழியியல் ஆய்வாளர்களுக்காக வந்தது என்றாலும், குரலால் நடிக்கிறவர்களுக்கு இதைவிட நேர்மையான கண்ணாடி கிடைக்காது.

"எப்ப வருவ?" என்ற வரியைக் கோபமாக, ஏக்கமாக, சும்மா விசாரிப்பதுபோலப் பதிந்து திறந்து பாருங்கள். நீலக் கோடுதான் சுருதி. கத்திக் கோபப்பட்டால் கோடு மேலே ஏறும், ஏற்ற இறக்கம் கூடும். ஏக்கத்தில் கோடு தாழ்ந்து தட்டையாகும். 'வருவ'வின் கடைசி உயிர் இழுபடும். அந்த இடத்தை மவுஸால் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு நேரம் இழுத்தோம் என்று காட்டிவிடும்.

எனக்குப் பிரியமான இடம் இதுதான். ஆங்கிலத்தில் அசையழுத்தம் சொல்லோடு பிறந்தது. 'ரெக்கார்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் பெயர், இரண்டாவதை அழுத்தினால் வினை. உணர்ச்சி பொங்கும்போதும் பெரும்பாலும் அந்த அழுத்த அசைதான் இன்னும் உயர்ந்து, நீண்டு ஒலிக்கும். தமிழில் அழுத்தம் மாறினால் சொல் மாறாது. நாம் 'தான்' சேர்ப்போம், சொல்லை இடம் மாற்றுவோம், உயிரை நீட்டுவோம். வியப்பு வந்தால் 'பெரிய வீடு' 'பெரீய வீடு' ஆகிவிடும். அளபெடைக்கே இலக்கணம் வகுத்த மொழியல்லவா! ஆங்கில நடிகர் அடித்துச் சொன்ன அதே இடத்தில் தமிழிலும் அடித்தால் டப்பிங் ஒட்டாமல் நிற்பது இதனால்தான். 'நான் எடுக்கலை' என்பதில் 'நான்' மேல் மூச்சைக் கொட்டுவதைவிட, 'நான் ஒண்ணும் எடுக்கலை' என்று வசனத்தையே மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

மேனிப்புலேஷன் என்றொரு வசதி உண்டு. சுருதிப் புள்ளிகளைப் பிடித்து மேலும் கீழும் இழுத்து, அதே குரலை மறுபடி கேட்கலாம். அசையின் நீளத்தையும் மாற்றலாம். கோபமாகப் பேசிய வரியில் சுருதியைத் தாழ்த்தி, கடைசி உயிரை நீட்டிப் பாருங்கள். பாதி ஏக்கம் வந்துவிடும், ஆனால் தொண்டையின் இறுக்கம் அப்படியே இருக்கும். நடிப்பில் எது கோட்டில் வரும், எது வராது என்பதை மாணவர்கள் தங்கள் காதாலேயே கண்டுபிடிக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. முகப்பு பழைய பாணி, பட்டன்களைப் பார்த்தாலே புதியவர்கள் மிரளுவார்கள். கோப்பைச் சேமிக்காமல் மூடினால் வேலை போய்விடும். அழுகையில் கரகரக்கும் குரலில் சுருதிக் கோடு அறுந்துபோகும், சில சமயம் பாதி உயரத்துக்குத் தாவும். துள்ளும் மகிழ்ச்சியும் கத்தும் கோபமும் கோட்டில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியலாம். அதனால் 'இந்த வடிவம் வந்தால் இந்த உணர்ச்சி' என்று பட்டியல் போடாதீர்கள்.

அப்புறம், பிராட் சுருதியைத் தேடும் எல்லையை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்: ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500. வீறிட்டுக் கத்தும் காட்சி என்றால் மேல் எல்லையை இன்னும் உயர்த்த வேண்டும். ஒலியளவை ஒப்பிடுவதாக இருந்தால் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் எல்லாப் பதிவிலும் ஒன்றாக இருக்கட்டும்.